துன்பத்தில் துணைநின்ற திருவாக்கு: திருச்சுழி தந்த இரமணர்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்குப் பேருந்தில் செல்வோர் சன்னல் வழியே காண்பவை கரிசல் காடும், உடைமரமும், சீமைக் கருவேலும்தாம். வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயிறு நிறையும். பெய்யாது போனால், பருத்தியும் மல்லியும் மிளகாயும் விதைத்த கைகள் விறகுக் கரி மூட்டம் போடும். அல்லது சிவகாசிக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகும். இப்பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு வறுமை என்னும் சொல்லின் பொருளை அகராதியில் தேட வேண்டிய தேவை இல்லை.

இந்த மண்ணில் பிறந்து, பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து, குடும்பம் சிதறக் கண்ட ஒரு சிறுவன், ஒரு நூலைப் படித்தான். அந்நூல் அவன் வாழ்வையே மாற்றியது. துன்பம் சூழ்ந்த வேளையில் இறைவன் புகழ் கூறும் சொல் மனிதனுக்கு என்ன தரும், என்ன தராது என்னும் வினாவுக்கு அவன் வாழ்க்கை ஒரு விடையாக நிற்கிறது. உலகோர் இரமண மகரிஷி என்று போற்றும் அப்பெருமகனின் வரலாற்றை நம் ஊர்க்காரர் என்ற உரிமையோடு இங்கே நினைந்து பார்ப்போம்.

வெள்ளம் சுழிந்த ஊர்

திருச்சுழி பழம்பெரும் ஊர். குண்டாற்றின் கரையில் அமைந்தது. இங்குள்ள திருமேனிநாதர் கோயில் பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற பதினான்கு தலங்களுள் ஒன்று. அம்மையின் பெயர் துணைமாலை நாயகி. சுந்தரமூர்த்தி நாயனார் இங்கு வந்து பதிகம் பாடினார். அது ஏழாம் திருமுறையில் இடம் பெற்றுள்ளது. ஊழிக்காலத்துப் பெருவெள்ளம் உலகை அழிக்க வந்தபோது இறைவன் அதனைச் சுழித்து நிலத்துக்குள் செலுத்தி மக்களைக் காத்தான் என்றும், அதனால் இவ்வூர் சுழியல் எனப் பெயர் பெற்றது என்றும் தலபுராணம் கூறும். குடம் தண்ணீருக்கு நெடுந்தொலைவு நடந்த மக்களின் ஊருக்கு வெள்ளத்தைப் பற்றிய புராணம் அமைந்திருப்பது வியப்புக்குரியதே. நீர் அதிகமாயினும் துன்பம், குறைந்தாலும் துன்பம். இரண்டிலும் காப்பவன் ஒருவன் உண்டு என்பதே முன்னோர் இதன்வழி நமக்குச் சொல்லி வைத்த செய்தி போலும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தை நாம் அறிவோம். தாது வருடத்துப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்தது அதுதான். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கஞ்சித் தொட்டிகளை நாடி மக்கள் ஊர் ஊராய் நடந்தனர். அப்பஞ்சத்தின் வடு ஆறுமுன்னரே, 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்திரா தரிசனத் திருநாளை ஒட்டிய நள்ளிரவுக்குப் பின், திருச்சுழியில் சுந்தரமய்யருக்கும் அழகம்மைக்கும் இரண்டாவது மகனாக வேங்கடராமன் பிறந்தான். மூத்தவர் நாகசாமி. பின்னர் நாகசுந்தரம் என்னும் தம்பியும், அலமேலு என்னும் தங்கையும் பிறந்தனர்.

தந்தை சுந்தரமய்யர் தம் உழைப்பால் உயர்ந்தவர். மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கருக்கு உதவியாளராகத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பின்னர் பட்டம் பெறாமலேயே வழக்காடும் உரிமை பெற்று நல்ல பெயர் எடுத்தவர். வீட்டில் ஒரு பகுதியை வருவோர் போவோர் தங்குவதற்கென்றே ஒதுக்கியிருந்தார். புதிதாக ஊருக்கு வந்தவர் யாராயினும் அவர் வீட்டில் சோறு உண்டு. பஞ்சம் கண்ட நாட்டில் இந்த விருந்தோம்பலே அக்குடும்பத்தின் பெருஞ்செல்வமாக இருந்தது.

சிதறிய குடும்பம்

வேங்கடராமன் திருச்சுழியில் தொடக்கக் கல்வி முடித்து, திண்டுக்கல்லில் ஓராண்டு படித்தான். படிப்பில் நாட்டம் மிகுதியில்லை. நினைவாற்றல் உண்டு, உடல் வலிமை உண்டு, விளையாட்டில் ஆர்வம் உண்டு. நம் வகுப்பறைகளில் கடைசி வரிசையில் அமரும் நண்பர்களைப் போன்ற பையன் என்று சொன்னால் பிழையாகாது.

1892 பிப்ரவரி மாதம் சுந்தரமய்யர் காலமானார். அவர் இருந்தவரை பிறருக்குச் சோறிட்ட வீடு, அவர் மறைந்ததும் பிறர் வீட்டுச் சோற்றை நாட வேண்டியதாயிற்று. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் இருந்த சிற்றப்பா சுப்பையரிடம் சென்றனர். இளையவர் இருவரும் தாயோடு மானாமதுரையில் இருந்த மற்றொரு சிற்றப்பா நெல்லையப்பையரின் ஆதரவில் வாழ்ந்தனர். தந்தையை இழந்த துயரோடு தாயைப் பிரிந்த துயரும் சேர்ந்துகொண்டது.

மதுரையில் அவன் முதலில் ஸ்காட்டு நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றான். அங்கே விவிலிய வகுப்பு உண்டு. அதில் அப்போது அவன் மனம் ஈடுபடவில்லை. தன் சமயத்து நூல்களையும் அவன் படித்திருக்கவில்லை. திருச்சுழிக் கோயிலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்து வந்த தமிழ் மறை, அவ்வூரில் பிறந்த அவன் நெஞ்சில் விதையாக விழ இன்னும் வேளை வரவில்லை.

இரவல் வந்த நூல்

1895 நவம்பரில் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம், எங்கிருந்து வருகிறார் என்று வேங்கடராமன் வினவினான். அவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். சிறு வயது முதலே காரணம் தெரியாமல் அவன் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டிருந்த பெயர் அது. அப்படி ஓர் ஊர் இந்த நிலவுலகில் உண்டென்றும், திருவண்ணாமலையே அது என்றும் அறிந்தபோது அவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அதன் பின்னர் சிற்றப்பா இரவல் வாங்கி வந்திருந்த பெரிய புராணம் அவன் கையில் கிடைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய அந்நூல், அறுபத்து மூன்று நாயன்மார்களின் வாழ்க்கையைக் கூறுவது. அரசர்கள் மட்டுமல்லர், குயவர், வேடர், வண்ணார், மீனவர், உழவர் எனப் பல தொழிலினரும் அதில் உள்ளனர். அவர்களுள் துன்பம் காணாதவர் அரிது.

மானாமதுரைக்கு அருகிலுள்ள இளையான்குடியைத் தம் ஊராகக் கொண்டவர் என்று போற்றப்படும் மாறநாயனார் கதையை நினைத்துப் பாருங்கள். செல்வமெல்லாம் அடியார்க்கே கொடுத்துத் தீர்த்த உழவர் அவர். மழை கொட்டும் நள்ளிரவில் பசியோடு ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒரு மணி நெல் இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை இருளில் தடவி வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். விறகில்லாமல் போகவே வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். குழியில் முளைத்த கீரையையும் அவரே பறித்துத் தர, அம்மையார் கறி சமைக்கிறார். விதைநெல்லைச் சமைப்பது என்றால் என்னவென்று நம் கரிசல் காட்டு விவசாயிக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டின் வாழ்வையே அன்று இரவு உலையில் இடுவது அது.

விருந்தினர்க்கு உணவிட்ட தந்தையின் மகன், இப்போது பிறர் வீட்டில் உண்டு வளரும் சிறுவன், அந்நூலைப் படித்து உருகினான். இப்படியும் மனிதர் வாழ்ந்தார்களா என்னும் வியப்பு அவனைப் பற்றிக்கொண்டது. சிறப்பாகக் கண்ணப்பர் வரலாறு அவருக்கு வாழ்நாள் முழுவதும் கண்ணீர் பெருக்கிய வரலாறு. பிற்காலத்தில் அதனைப் படிக்கும்போது குரல் தழுதழுத்து மேலே படிக்க முடியாமல் நிறுத்திவிடுவார் என்று உடனிருந்தோர் எழுதி வைத்துள்ளனர்.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெரிய புராணம் அவனுக்குத் தந்தையைத் திருப்பித் தரவில்லை. குடும்பத்தை ஒன்று சேர்க்கவில்லை. ஆயினும், துன்பத்துக்கு நடுவில் நின்றும் நிலைகுலையாத ஒன்று மனிதனுக்குள் இருக்கிறது என்னும் நம்பிக்கையை அது விதைத்தது. திருவாக்கு செய்யும் முதல் உதவி அதுவே.

மரணத்தை நேர்கொண்ட மாணவன்

1896 சூலை மாதம் நடுவில், மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்த சிற்றப்பாவின் வீட்டு மாடியறையில் தனியே அமர்ந்திருந்த வேங்கடராமனைத் திடீரென மரண பயம் பற்றியது. நோய் ஒன்றும் இல்லை. ஆயினும் சாகப்போகிறோம் என்னும் அச்சம் உறுதியாக எழுந்தது. மருத்துவரையோ பெரியோரையோ அவன் அழைக்கவில்லை. கை கால்களை நீட்டிப் பிணம் போல் கிடந்தான், வாயை மூடினான், மூச்சை அடக்கினான். இவ்வுடல் இறந்தால் நானும் இறப்பேனோ என்று தன்னுள்ளேயே ஆராய்ந்தான். உடல் அழியினும் அழியாத அறிவுப் பொருளே தான் என்னும் தெளிவு பிறந்தது. அந்நாள் முதல் மரண பயம் அவனை விட்டு நீங்கியது.

பதினாறு வயது மாணவன் ஒருவனின் உள்ளத்தில் அந்த அச்சம் ஏன் எழுந்தது என்று யாரே அறிவார்? நான்காண்டுகளுக்கு முன் தந்தையின் உடலைக் கண்டவன் அவன் என்பதை மட்டும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

அதன் பின்னர் அவன் மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தனியே சென்றான். அறுபத்து மூவர் திருமேனிகளின் முன் நின்று, அவர்களுக்குக் கிட்டிய அருள் தனக்கும் கிட்டுமாறு வேண்டிக் கண்ணீர் பெருக்கினான். ஏட்டில் படித்தவர்களை நேரில் கண்டு உறவு கொண்டாடியது போல அந்த வழிபாடு அமைந்தது.

மூன்று ரூபாய்ப் பயணம்

பள்ளிப் பாடத்தில் மனம் செல்லவில்லை. 1896 ஆகஸ்டு 29ஆம் நாள், தண்டனையாகக் கொடுக்கப்பட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவன், அதை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். அதைக் கண்ட தமையன் நாகசாமி கடிந்துகொண்டார். கடிந்ததில் நியாயம் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. தமையனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய 2 ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டான். தந்தையைத் தேடிப் போவதாகவும், தன்னைத் தேட வேண்டாமென்றும் அக்கடிதம் கூறியது. கையொப்பம் இடவில்லை.

பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குப் பயணச்சீட்டு வாங்கினான். கட்டணம் 2 ரூபாய் 13 அணா. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தாம் விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும் என்று வழி காட்டினார். கையிலிருந்த சில்லறைக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை மட்டுமே செல்ல முடிந்தது. அங்கிருந்து நடந்தான். பசி, களைப்பு. அறையணிநல்லூர்க் கோயிலிலும், கீழூர்க் கோயிலிலும் தங்கினான். அது கோகுலாஷ்டமி நாளாதலால் ஓர் இல்லத்தில் அன்போடு உணவளித்தனர். காதுக் கடுக்கனை அவ்வீட்டில் 4 ரூபாய்க்கு அடகு வைத்து, திருக்கோவலூரில் இரயிலேறி, 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தான். எஞ்சிய காசைக் குளத்தில் எறிந்தான். அன்று தொட்டு ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் அவ்வூர் எல்லையைத் தாண்டவே இல்லை.

அங்கே அவர் பட்ட துன்பம் சிறிதன்று. சிறுவர்கள் கல்லெறிந்தனர். அதற்கு ஒதுங்கி இருண்ட பாதாள லிங்கக் குகையில் அமர்ந்தபோது பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. யாரேனும் வாயில் உணவு ஊட்டினால் உண்டு, இல்லையேல் பட்டினி.

அன்னையின் துயர்

மாணவ நண்பர்களே, இக்கதையைக் கேட்டு வீட்டை விட்டு ஓடுவதே ஞானம் என்று யாரும் கொண்டுவிடக் கூடாது. மதுரையில் கடிதம் ஒன்று கிடந்ததே, அதன் மறுபுறம் மானாமதுரையில் ஒரு தாயின் கண்ணீர் இருந்தது. கணவனை இழந்த நான்காண்டில் மகனையும் இழந்தாள் அழகம்மை. இரண்டு ஆண்டுகள் மகன் இருக்குமிடமே தெரியவில்லை. 1898இல் செய்தி கிடைத்து நெல்லையப்பையர் சென்று அழைத்தார், மகன் அசையவில்லை. அவ்வாண்டு இறுதியில் அழகம்மையே மூத்த மகனோடு சென்று பவளக்குன்றில் நாள்தோறும் அழுதாள். மௌனமாக இருந்த மகன், அங்கிருந்தோர் வற்புறுத்தவே, ஒரு தாளில் விடை எழுதினார். அவரவர் வினைக்கேற்ப இறைவன் நடத்துகிறான். நடப்பதை எம்முயற்சியாலும் தடுக்க இயலாது. ஆதலால் அமைதியே நன்று என்பது அதன் சாரம். பெற்ற தாய்க்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா? இருந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது. அவள் வெறுங்கையோடு ஊர் திரும்பினாள்.

1900இல் மூத்த மகன் நாகசாமியும் இறந்தார். 1914இல் யாத்திரை சென்று திரும்பும் வழியில் திருவண்ணாமலைக்கு வந்த அன்னை கடுங்காய்ச்சலில் வீழ்ந்தாள். அப்போது, எல்லாம் வினைப்படி என்று எழுதிய அதே மகன், அருகிருந்து பணிவிடை செய்ததோடு, அன்னையின் பிணி தீர அருணாசலனை வேண்டி நான்கு பாடல்கள் பாடினார். அன்னை பிழைத்தாள். ஞானியும் தாய்க்காக இறைவன்முன் கையேந்தினார் என்னும் இச்செய்தி, முன்னர் எழுதிய தாளினும் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது.

1916இல் அழகம்மை மகனோடு தங்க வந்துவிட்டாள். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டி அனைவர்க்கும் சமைத்தாள். திருச்சுழியில் விருந்தினர்க்குச் சோறிட்ட கை மீண்டும் சோறிட்டது. 1922 மே 19ஆம் நாள் அவள் உயிர் பிரியும் வரை, மகன் ஒரு கையை அவள் தலையிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்து அருகிலேயே அமர்ந்திருந்தார். அவள் சமாதியைச் சூழ்ந்தே இன்றைய இரமணாசிரமம் எழுந்தது.

இல்லறத்தாரும் இளைஞரும் துறவுபூண அனுமதி கேட்டு வந்தபோதெல்லாம் இரமணர் அவர்களைத் தடுத்தார். இருந்த இடத்திலேயே, செய்யும் தொழிலிலேயே உள்ளத்தை ஆராயலாம் என்பதே அவர் காட்டிய வழி.

பசி தீர்த்த பாமாலை

விரூபாட்சக் குகையில் வாழ்ந்த காலத்தில் இரமணரின் அடியார்கள் ஊருக்குள் சென்று பிச்சை ஏற்று வந்து எல்லாரும் பகிர்ந்து உண்பர். பிச்சைக்குச் செல்லும்போது பாடுவதற்குத் தங்களுக்கெனத் தனிப்பாடல் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அதன் பயனாகப் பிறந்ததே நூற்றெட்டுக் கண்ணிகளைக் கொண்ட அருணாசல அட்சரமணமாலை. அதைப் பாடிக்கொண்டு அடியார்கள் தெருவில் வரும்போது மக்கள் உணவோடு வாயிலில் காத்திருந்தனர். இரவல் நூலில் இறைவன் சொல்லைக் கண்டு ஆறுதல் பெற்ற சிறுவன், வளர்ந்தபின் பிறர் பசி தீர்க்கும் சொல்லைத் தந்த வரலாறு இது.

அவர் சொல் கடல் கடந்தும் சென்றது. பாங்காக்கில் ஆசிரியராக இருந்த ஆர்தர் ஆஸ்போர்ன் என்னும் ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியரால் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அவர் மனைவி மக்கள் திருவண்ணாமலையில் இருந்தனர். அம்முகாம் வாழ்வை இரமணரின் உபதேசத்தைத் துணையாகக் கொண்டே அவர் கழித்தார். விடுதலைக்குப் பின் அவர் வரலாற்றையும் எழுதினார். கிறித்தவ அன்பர்கள் வரும்போது இரமணர் விவிலியத்திலிருந்தே சங்கீதப் பகுதியையும் யாத்திராகமப் பகுதியையும் எடுத்துக்காட்டி விளக்குவார். பள்ளியில் மனம் பற்றாத அந்நூல், உள்ளம் கனிந்தபின் அவருக்கு அந்நியமாக இல்லை.

இறுதி நாள்கள்

1948 இறுதியில் அவர் இடக்கையில் ஒரு சிறு கட்டி தோன்றியது. அது புற்று. 1949இல் நான்கு முறை அறுவை செய்தும் மீண்டும் வளர்ந்தது. வலி உடலுக்கு இருந்தது; அதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை. தம்மைக் காண வருவோரைத் தடுக்கலாகாது என்பது ஒன்றே அவர் வேண்டியது. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வெளியே கூடியிருந்த அடியார்கள் அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அதைக் கேட்ட அவர் கண்களில் நீர் கசிந்தது. சிறிது நேரத்தில் மூச்சு அடங்கியது. பதினாறு வயதில் எந்த மரணத்தை ஒத்திகை பார்த்தாரோ, அதனை எழுபது வயதில் அச்சமின்றி ஏற்றார்.

நமக்குரியது

திருச்சுழியில் அவர் பிறந்த இல்லம் சுந்தர மந்திரம் என்னும் பெயரோடு இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. விடுமுறை நாளில் நண்பர்கள் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். சிறிய வீடு, நம் வீடுகளைப் போன்ற வீடு.

இறைவன் சொல் மழையைப் பொழிவிக்கும் என்றோ, கடனை அடைக்கும் என்றோ இவ்வரலாறு கூறவில்லை. இழந்தவை எல்லாம் மீளும் என்றும் கூறவில்லை. அது கூறுவது இதுதான்: துன்பப்பட்டவருள் நாம் முதல்வர் அல்லர், விதைநெல்லை வாரிக்கொண்டு வந்த உழவர் நமக்கு முன்னே இதே மண்ணில் இருந்தார், உடலும் பொருளும் குன்றினும் குன்றாத ஒன்று நமக்குள் உண்டு. தேவாரமோ, விவிலியமோ, திருக்குரானோ, எந்த மறையில் அச்சொல்லைக் கண்டாலும் அதனைப் பற்றிக்கொள்வோம்.

தந்தை மறைந்ததால், அல்லது வெள்ளாமை பொய்த்ததால், படிப்பை நிறுத்திவிடலாமா என்று எண்ணும் நண்பர் ஒருவர் நம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம். அவருக்கு நாம் தர வேண்டியது உபதேசம் அன்று. சுந்தரமய்யர் வீட்டைப் போல முதலில் ஒரு வேளைச் சோறும், அதன்பின் இரவலாக ஒரு நல்ல நூலும் தருவோம். அந்நூல் அவர் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை நாம் அறியோம். மதுரையில் பெரிய புராணத்தை இரவல் கொடுத்த மனிதரும் அன்று அதை அறிந்திருக்க மாட்டார்.